தடுப்பும் அடியும்: எனக்கென்று ஒரு முறை



இந்த மாதச் சுவர் பத்திரிகைக்கு "தற்காப்புக் கலை" என்ற தலைப்பில் எழுதச் சொல்லி தமிழ் டீச்சர் என்னிடம் தாளைக் கொடுத்தார்கள். நான் தாத்தாவிடம் சிலம்பமும், பள்ளியில் கராத்தேயும் கற்றுக்கொண்டு வருகிறேன். அதனால் இந்தக் கட்டுரையில் பாதி படித்து எழுதியது, பாதி அடி வாங்கி எழுதியது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒரு கேள்வி. ஒருவர் நம்மை அடிக்க வந்தால் முதலில் தடுக்க வேண்டுமா, முதலில் அடிக்க வேண்டுமா? எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். பாதிப் பேர் "தடுக்கணும்" என்றார்கள். பசங்க எல்லாம் "அடிக்கணும்" என்றார்கள். ஒருத்தி மட்டும் "ஓடணும்" என்றாள். அவள் சொன்னதும் சரிதான், அதைக் கடைசியில் சொல்கிறேன். என்னுடைய பதில், இரண்டையும் ஒன்றாகச் செய்ய வேண்டும் என்பது. இந்தப் பதில் கிடைக்க எனக்கு ஒரு வருஷம் ஆனது.

1. எனக்கு இரண்டு வாத்தியார்கள்

என் தாத்தா முப்பது வருஷம் தோல் ஷாப்பில் வேலை செய்தவர். சாயங்காலம் வேலை முடிந்து வந்து, மாரியம்மன் கோயில் மைதானத்தில் பசங்களுக்குக் கம்பு சொல்லிக் கொடுப்பார். திருவிழாவில் சாமி ஊர்வலத்துக்கு முன்னால் கம்பு சுற்றுவது எங்கள் ஊர் வழக்கம். நான் ஓரமாக நின்று விளக்குமாற்றுக் கட்டையை வைத்துச் சுற்றிப் பார்ப்பேன். ஒரு நாள் தாத்தா பார்த்துவிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "கட்டைய கீழ போடு கண்ணு, உன் நெத்தி உசரத்துக்கு ஒரு கம்பு வெட்டியாறேன்" என்றார். சிலம்பக் கம்பு அவரவர் நெற்றி உயரம் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஐந்தரை அடி. நான் குள்ளம் என்பதால் எனக்கு நாலரை அடிதான் வந்தது.

இரண்டாவது வாத்தியார் பள்ளியில் வந்தார். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் அரசுப் பள்ளி மாணவிகளுக்கு 3 மாதம் தற்காப்புப் பயிற்சி கொடுக்கிறார்கள். நான் எட்டாவது படிக்கும்போது அப்படி ஒரு கராத்தே மாஸ்டர் வந்தார். இச், நி, சான், சி என்று ஜப்பான் மொழியில் எண்ணிக்கொண்டே மேல் தடுப்பு, கீழ் தடுப்பு, உள் தடுப்பு, வெளித் தடுப்பு என்று வரிசையாகச் சொல்லிக் கொடுத்தார். "ஒன்றுன்னா தடுக்கணும், ரெண்டுன்னா குத்தணும்" என்பார். நாங்களும் மைதானமே அதிரக் கத்திக்கொண்டு செய்தோம்.

இரண்டு பேர் சொல்வதும் எனக்கு ஒத்துப் போகவில்லை. மாஸ்டர் "கால ஊன்றி நில்லும்மா" என்பார். தாத்தா "நின்னா அடி வுழும், நவுந்துக்கினே இரு" என்பார். கராத்தேயைப் பற்றிச் சொன்னால், "சைனாக்காரன் அடியா?" என்று சிரிப்பார். அது ஜப்பான் என்று நான் திருத்த வேண்டும். இதில் நான் பீச்சாங்கைக்காரி வேறு. எல்லாரும் வலது பக்கம் திரும்பினால் நான் இடது பக்கம் திரும்பி நிற்பேன்.

2. அந்தச் சாயங்காலம்

என் அம்மா ஆம்பூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிற வேலை செய்கிறார்கள். கம்பெனி பஸ் அவர்களை ரோட்டில் இறக்கிவிட ராத்திரி ஏழரை மணி ஆகிவிடும். அங்கிருந்து எங்கள் வீட்டுக்கு அரை கிலோமீட்டர், பாதி வழி விளக்கு இல்லை. அதனால் நான் தினமும் ரோட்டுக்குப் போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருவேன்.

போன வருஷம் ஒரு நாள் அங்கே நின்றுகொண்டிருந்தபோது, பைக்கில் வந்த ஒருத்தன் வழி கேட்பதுபோல் நிறுத்தி, என் தோள் பையின் பட்டையைப் பிடித்து இழுத்தான். எனக்கு அப்போது நாலு தடுப்பு தெரியும், மூன்று குத்து தெரியும், கம்பில் பன்னிரண்டு வீச்சு தெரியும். ஆனால் என் கை மேலேயும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. மரம் மாதிரி நின்றேன். டீக்கடை அக்கா "டேய், யார்ரா அது?" என்று கத்தினார்கள். அவன் சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மூன்று நாள் அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் ரோட்டுக்கு வராதே என்பார்கள், அப்புறம் அம்மா அந்த இருட்டில் தனியாக நடக்க வேண்டும். நாலாம் நாள் அழுதுவிட்டேன். அம்மா எல்லாம் கேட்டுவிட்டு, "தப்பு பண்ணவன் அவன். உன் கை எழலன்னு நீ இன்னாத்துக்கு அழுவுற?" என்றார்கள். எனக்கு அதைக் கேட்ட பிறகுதான் மூச்சு வந்தது. இதைப் படிக்கும் தங்கைகளுக்கு நானும் அதையே சொல்கிறேன். பயத்தில் உடம்பு உறைந்து போவது எல்லாருக்கும் வருவது. அது நம் குற்றம் இல்லை.

ஆனாலும் எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. இவ்வளவு தெரிந்தும் கை ஏன் எழவில்லை?

3. ஸ்கேலை வைத்து ஒரு சோதனை

இதை அறிவியல் டீச்சரிடம் கேட்டேன். அவர்கள் ஒரு 30 செ.மீ. ஸ்கேலைக் கொண்டு வரச் சொன்னார்கள். நீங்களும் செய்து பார்க்கலாம்.

தோழி ஸ்கேலைச் செங்குத்தாக மேல் முனையில் பிடித்துக்கொள்ள வேண்டும். நீங்கள் கீழே, பூஜ்ஜியம் இருக்கும் இடத்தில், கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தொடாமல் விரித்து வைத்திருக்க வேண்டும். அவள் சொல்லாமல் விடுவாள், நீங்கள் பிடிக்க வேண்டும். எந்த அளவில் பிடித்தீர்களோ அத்தனை செ.மீ. ஸ்கேல் விழுந்திருக்கிறது. நாம் ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் இயக்கச் சமன்பாட்டை வைத்து நேரத்தைக் கண்டுபிடிக்கலாம். (தூரத்தை மீட்டரில் எழுதி, 2-ஆல் பெருக்கி, 9.8-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும்.)

10 செ.மீ. – 0.14 வினாடி
15 செ.மீ. – 0.17 வினாடி
20 செ.மீ. – 0.20 வினாடி
25 செ.மீ. – 0.23 வினாடி
30 செ.மீ. – 0.25 வினாடி

நான் பத்து முறை செய்தேன். பெரும்பாலும் 19, 20 செ.மீ.யில் பிடித்தேன். அதாவது கண் பார்த்து, மூளை முடிவு செய்து, விரல் மூடுவதற்கு ஒரு வினாடியில் ஐந்தில் ஒரு பங்கு ஆகிறது. இது எனக்கு மட்டும் இல்லை, பெரும்பாலானவர்களுக்குக் கிட்டத்தட்ட இதே அளவுதான் வரும் என்று டீச்சர் சொன்னார்கள்.

அடுத்து டீச்சர் தோழியிடம் இரண்டு ஸ்கேலைக் கொடுத்தார்கள். ஒன்று என் இடது கைக்கு மேல், இன்னொன்று வலது கைக்கு மேல். எதை விடுவாள் என்று எனக்குத் தெரியாது. பத்தில் ஆறு முறை ஸ்கேல் தரையில் போய் விழுந்தது! கை அதே கை, ஸ்கேலும் அதே ஸ்கேல். ஆனால் "இதுவா, அதுவா" என்று மூளை தேர்ந்தெடுக்க வேண்டியிருந்ததால் நேரம் கூடிவிட்டது.

இங்கிலாந்தைச் சேர்ந்த ஹிக் என்ற உளவியல் அறிஞர் 1952-ல் இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். தெரிவுகள் கூடக்கூட முடிவெடுக்கும் நேரமும் கூடுகிறது. ஆனால் நன்றாகப் பழகினால் அந்த நேரம் குறையும்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அன்றைக்கு என் தலைக்குள் பத்தொன்பது ஸ்கேல் ஒரே நேரத்தில் விழுந்திருக்கிறது. பயம் வேறு சேர்ந்துகொண்டது. "எந்தத் தடுப்பு? அதுக்கப்புறம் எந்தக் குத்து?" என்று யோசிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நிறையத் தெரிந்திருப்பதைவிடக் கொஞ்சம் தெரிந்து அது தானாக வருவதுதான் முக்கியம்.

4. கம்புக்கு இரண்டு முனை

சோதனையைப் பற்றித் தாத்தாவிடம் சொன்னேன். அவர் கம்பை நடுவில் பிடித்துக்கொண்டு, "மெதுவா அடி" என்றார். நான் என் கம்பால் மேலே இருந்து அடித்தேன். அவர் கம்பின் மேல் முனை என் கம்பைப் பக்கத்தில் தள்ளிவிட்டது. அதே நொடியில் அவர் கம்பின் கீழ் முனை திரும்பி வந்து என் விலாவுக்குப் பக்கத்தில் நின்றது.

"இப்ப நான் தடுத்தேனா, அடிச்சேனா?" என்று கேட்டார்.

"ரெண்டும்" என்றேன்.

"எத்தினி தபா கையை ஆட்டினேன்?"

"ஒரு தபா."

"அவ்ளோதான். கம்புக்கு ரெண்டு முனை கீது. ஒண்ணு போனா இன்னொண்ணு வந்துனே இருக்கும்" என்றார்.

இதில் அறிவியல் இருக்கிறது. நடுவில் பிடித்த கம்பு சுழலும்போது ஒரு முனை ஒரு பக்கம் போனால் மறுமுனை அதே வேகத்தில் எதிர்ப் பக்கம் போகும். நம் பிடிக்குப் பக்கத்தில் உள்ள பகுதி சின்ன வட்டம் போடுகிறது, நுனி பெரிய வட்டம் போடுகிறது. இரண்டுக்கும் ஒரே நேரம் என்பதால் நுனிக்குத்தான் வேகம் அதிகம். அதனால்தான் சிலம்பத்தில் கை கொஞ்சம் அசைந்தாலே நுனி "உய்" என்று சத்தம் போடுகிறது. சிலம்பு என்ற சொல்லுக்கு ஒலி என்றும் மலை என்றும் பொருள் உண்டு.

பழைய சிலம்பப் போட்டிகளில் கம்பு நுனியில் ஒட்டுகிற சாந்தைத் தடவிக்கொண்டு ஆடுவார்கள். முடிந்ததும் யார் உடம்பில் எத்தனைப் பொட்டு இருக்கிறது என்று எண்ணுவார்கள். தடுத்துக்கொண்டே இருந்தால் நம் மேல் பொட்டு விழாது, ஆனால் எதிராளி மேலும் விழாது. அடித்துக்கொண்டே இருந்தால் இரண்டு பேரும் பொட்டுப் பொட்டாக நிற்க வேண்டியதுதான். இரண்டையும் சேர்த்துச் செய்பவர்தான் ஜெயிப்பார்.

மான்கொம்பு என்ற ஆயுதமும் இப்படித்தான். இரண்டு கொம்புகளை எதிரெதிராக வைத்துக் கட்டி, நடுவில் பிடித்துக்கொள்வார்கள். வருகிற கம்பை அதாலேயே தடுத்து, அதன் நுனியாலேயே குத்துவார்கள். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு உண்மையான மான் கொம்பை வைத்திருப்பது குற்றம். இப்போது இரும்பில் செய்கிறார்கள்.

நம் பகுதியில் இதற்கு ரொம்பப் பழைய சாட்சி ஒன்று இருக்கிறது. ஆம்பூரில் பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்து, அதாவது 9-ஆம் நூற்றாண்டு வீரக்கல் கல்வெட்டுகள் கிடைத்திருக்கின்றன. செங்கம், ஜவ்வாது மலை அடிவாரப் பக்கமும் நடுகற்கள் நிறைய உண்டு. மாடு பிடிக்க வந்தவர்களோடு சண்டை போட்டு இறந்த வீரர்களுக்காக ஊரார் வைத்த கற்கள் அவை. இப்படிப்பட்ட கற்களில் பெரும்பாலும் வீரனின் ஒரு கையில் வாளும் மறுகையில் வில்லோ கேடயமோ செதுக்கியிருப்பார்கள். கேடயம் ஒரு கையில் தடுக்கும்போதே வாள் இன்னொரு கையில் போகும். "ஒன்று தடு, இரண்டு அடி" என்று எண்ணிக்கொண்டு நின்றிருந்தால் மாடு எல்லாம் மலை ஏறியிருக்கும்!

5. தனக்கென்று முறை கண்டவர்கள்

"ரெண்டு வாத்தியார் சொல்றதையும் கலந்து நானே ஒரு முறை வெச்சுக்கலாமா? தப்பில்லையா?" என்று ஒரு பயம் எனக்கு இருந்தது. படித்துப் பார்த்தால் பெரியவர்களே அப்படித்தான் செய்திருக்கிறார்கள்.

கராத்தேயை ஒக்கினாவா தீவிலிருந்து ஜப்பான் முழுக்கக் கொண்டு போனவர் கிச்சின் ஃபுனகோஷி (1868–1957). அவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர்! சின்ன வயதில் நோஞ்சானாக இருந்தவர். அசாத்தோ, இத்தோசு என்ற இரண்டு ஆசான்களிடம் கற்றுக்கொண்டார். 1922-ல் டோக்கியோவில் செய்து காட்டினார். அவர் பழகியதையெல்லாம் சேர்த்து வந்த வழிக்குத்தான் இன்று ஷோட்டோகான் என்று பெயர். கராத்தேயில் தடுப்புக்கு "உகே" என்று சொல்வார்கள். அந்தச் சொல்லின் நேர்ப் பொருள் "வாங்கிக்கொள்ளுதல்" என்பதாம். பந்தை வாங்குகிற மாதிரி அடியை வாங்கித் திருப்புவது. தாத்தா சொன்னதும் இதுவும் ஒன்றுதானே!

அடுத்து, பசங்க பனியனில் போட்டிருக்கும் புரூஸ் லீ (1940–1973). அவர் ஹாங்காங்கில் இப் மான் என்ற ஆசானிடம் விங் சுன் என்ற சீனக் கலையைக் கற்றார். விங் சுன்னை ஒரு பெண் துறவி ஒரு இளம் பெண்ணுக்குக் கற்றுக் கொடுத்தார் என்று ஒரு கதை சொல்கிறார்கள். கதையோ நிஜமோ, பலம் குறைந்தவர்களுக்கு ஏற்ற மாதிரி ஒரு கை தடுக்கும்போதே மறு கை அடிப்பதுதான் அந்தக் கலையின் முக்கிய விதி. 1964-ல் அமெரிக்காவில் ஓக்லாண்ட் என்ற ஊரில் புரூஸ் லீக்கு ஒரு சண்டை நடந்தது. அது அவர் நினைத்ததைவிட நீண்டுவிட்டது, மூச்சு வாங்கியது. தன் முறையில் குறை இருக்கிறது என்று அவர் ஒத்துக்கொண்டார். குத்துச்சண்டையைப் படித்தார், வாள் விளையாட்டைப் படித்தார். வாள் விளையாட்டில் எதிராளி தாக்க வரும்போதே குறுக்கே குத்தி நிறுத்தும் ஒரு வழி இருக்கிறது. அதையும் எடுத்துக்கொண்டு 1967-ல் தன் முறைக்கு "ஜீத் குன் டோ" என்று பெயர் வைத்தார். "குறுக்கிட்டுத் தடுக்கும் முஷ்டியின் வழி" என்று அர்த்தம். தடுப்பும் அடியும் அந்தப் பெயரிலேயே இருக்கிறது.

இவர்கள் இரண்டு பேரிடமும் நான் பார்த்த பொது விஷயம் ஒன்று. முதலில் அடிப்படையை வருஷக்கணக்கில் பழகினார்கள், அப்புறம்தான் மாற்றினார்கள். ஆத்திச்சூடி எழுதப் பழகாமல் கவிதை எழுத முடியாது என்று தமிழ் டீச்சர் சொல்வார்கள், அது மாதிரி.

6. என் முறையை எப்படி அமைத்தேன்

நான் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைத்தேன். முதல் பக்கத்தில் என் உடம்பைப் பற்றி எழுதினேன். "உயரம் குறைவு. கை நீளம் குறைவு. பீச்சாங்கை. கால் வேகம். குரல் சத்தம்." நம் உடம்புக்கு எது வரும், எது வராது என்று தெரியாமல் முறை அமைக்க முடியாது. உயரமான மாஸ்டர் செய்யும் உதையை நான் செய்தால் அவர் இடுப்பில்தான் படும்.

அப்புறம் தெரிந்த பத்தொன்பதையும் எழுதி, ஒவ்வொன்றாக அடித்தேன். கடைசியில் மூன்றை மட்டும் வைத்துக்கொண்டேன். மூன்றிலும் கம்பின் இரண்டு முனை மாதிரி, ஒரு கை தடுக்கும்போதே மறு கையோ காலோ போகும். கம்பை நடுவில் பிடிக்கும் இடம் எதுவோ, அது நம் உடம்பில் இடுப்பு. இடுப்பு திரும்பினால் ஒரு தோள் பின்னால் போகும், ஒரு தோள் முன்னால் வரும். தனித்தனியாக இரண்டு கையை ஆட்டத் தேவையில்லை.

முதலாவது, மேலே இருந்து கை வந்தால். வலது முன்கையை நெற்றிக்கு முன்னால் சாய்வாகத் தூக்க வேண்டும். நேராகக் குறுக்கே வைத்தால் முழு அடியும் எலும்பில் இறங்கும். ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி சாய்த்து வைத்தால் மழை வழிவது போல அடி வழிந்து போகும். அதே நேரத்தில் இடது உள்ளங்கையின் அடிப்பகுதியால் எதிராளியின் நெஞ்சைத் தள்ள வேண்டும். முஷ்டியால் குத்துவதை நான் விட்டுவிட்டேன். பழக்கம் இல்லாதவர்கள் முஷ்டியால் எலும்பில் குத்தினால் நம் விரல் எலும்புதான் உடையும்.

இரண்டாவது, மணிக்கட்டைப் பிடித்தால். இழுத்துப் பார்க்கக் கூடாது, பலம் உள்ளவன்தான் ஜெயிப்பான். பிடித்தவனின் நாலு விரல் ஒரு பக்கம், கட்டை விரல் ஒரு பக்கம். கட்டை விரலும் மற்ற விரலும் சேரும் இடம்தான் பிடியில் பலம் குறைந்த இடம். நம் கையை அந்தப் பக்கமாகத் திருப்பிப் பிடுங்க வேண்டும். பிடுங்கும்போதே இடுப்பு திரும்பும், அந்த வேகத்தில் மறு உள்ளங்கை முன்னால் போகும்.

மூன்றாவது, கீழே இருந்து உதை வந்தால். தாத்தா சொன்ன மாதிரி நகர வேண்டும், பின்னால் நேராக இல்லை, குறுக்காக. நகரும்போது ஒரு கை கீழே வீசி உதையை ஒதுக்கும். நம் குதிகால் அவன் பாதத்தின் மேல் இறங்கும்.

மூன்றுக்கும் பொதுவாகக் குரல். கத்தினால் மூச்சு வெளியே வரும், உறைந்த உடம்பு அசையும், அக்கம்பக்கத்தில் ஆள் வருவார்கள். எனக்கு அன்று உதவியது கராத்தேயும் இல்லை, கம்பும் இல்லை, டீக்கடை அக்காவின் குரல்தான்.

7. நான் செய்த தவறு

இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் எழுதாவிட்டால் பாடம் பாதிதான்.

முறை கைக்கு வந்ததும் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் வந்துவிட்டது. ஒரு நாள் மதிய இடைவேளையில் பத்துப் பேர் சுற்றி நிற்க, என்னோடு பழகும் தோழியை "அடி, அடி" என்றேன். அவள் மெதுவாகத்தான் கையைத் தூக்கினாள். நான் வேகமாகத் தடுத்து உள்ளங்கையை நீட்டினேன். அவள் மூக்கில் பட்டு ரத்தம் வந்துவிட்டது. பி.டி. சார் ஒரு வாரம் மைதானத்துப் பக்கம் வரக் கூடாது என்றார். அது நியாயம். அவள் ஒன்பது நாள் என்னோடு பேசவில்லை. அதுதான் ரொம்ப வலித்தது.

அவள் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். அவள் சொன்னது: "நீ என்னப் பார்க்கல. வேடிக்கை பார்த்தவங்களப் பார்த்துக்கினு அடிச்ச."

தடுப்பும் அடியும் ஒன்றாகிவிட்டால் நடுவில் யோசிக்க நேரம் இல்லை. அதனால் கட்டுப்பாட்டையும் சேர்த்தே பழக வேண்டும். இல்லாவிட்டால் தெரியாமல் தோளைத் தொட்ட தம்பியையும் அடித்துவிடுவோம். தாத்தா இதைக் கேட்டுவிட்டு ஒரு மாதம் என்னை அடிக்கவே விடவில்லை. கம்பை வேகமாக வீசி, ஒரு கொட்டாங்கச்சிக்கு நாலு விரல் முன்னால் நிறுத்த வேண்டும், தொடக்கூடாது. அடிப்பதைவிட நிறுத்துவது பத்து மடங்கு கஷ்டம் என்று அப்போதுதான் தெரிந்தது.

இப்போது பழகும்போது உறை போட்டுக்கொள்கிறோம். அம்மா எடைக்கு வாங்கி வந்த தோல் வெட்டுத் துண்டுகளுக்கு உள்ளே பழைய ஸ்பாஞ்ச் வைத்துத் தைத்தது. முதல் உறையைத் தோழிக்குத்தான் போட்டுவிட்டேன்.

8. நினைவில் வைக்க வேண்டியவை

1. முதலில் ஓடுவதற்கு வழி பார்க்க வேண்டும். தடுப்பும் அடியும் ஓட வழி இல்லாதபோது வழி உண்டாக்குவதற்கு மட்டும். வழி கிடைத்ததும் வெளிச்சம் இருக்கும் இடத்துக்கு ஓட வேண்டும்.
2. பையையோ செயினையோ கேட்டால் கொடுத்துவிடலாம். உயிர் பெரிது.
3. ஒரு அசைவை மெதுவாக நூறு முறை செய்த பிறகுதான் வேகமாக ஒரு முறை.
4. வாத்தியார் இல்லாமல் படத்தைப் பார்த்துப் பழகக் கூடாது.
5. நடந்ததை வீட்டிலோ டீச்சரிடமோ சொல்ல வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098, பெண்களுக்கான உதவி எண் 181. இரண்டும் இலவசம்.

உங்களுக்குத் தெரியுமா?

கேரளாவின் வடகரையைச் சேர்ந்த மீனாட்சி அம்மா களரிப்பயிற்று கற்றுக் கொடுப்பவர். 2017-ல் அவருக்கு பத்மஸ்ரீ விருது கிடைத்தபோது வயது எழுபதைத் தாண்டிவிட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுப் போட்டியில் நம் சிலம்பமும் காட்சி விளையாட்டாக இடம் பெற்றது.

முடிவுரை

இன்றும் நான் தினமும் ரோட்டுக்குப் போகிறேன். இப்போது தோழியும் வருகிறாள், அவள் அக்காவும் அதே கம்பெனி பஸ்ஸில்தான் வருகிறார். கையில் ஒரு டார்ச், டீக்கடைக்குப் பக்கத்தில் வெளிச்சத்தில் நிற்கிறோம். அதுவும் ஒரு தடுப்புதான். அந்த பைக்காரன் மறுபடி வரவில்லை. வந்தால் என் கை எழுமா என்று கேட்டால், எழும் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் என் தலைக்குள் இப்போது பத்தொன்பது ஸ்கேல் இல்லை, மூன்றுதான் இருக்கிறது. குரல் முதலில் வரும், அது நிச்சயம்.

இந்த ஆடித் திருவிழாவில் பசங்களோடு சேர்ந்து நானும் சலாம் வரிசை போடலாம் என்று தாத்தா சொல்லியிருக்கிறார். பீச்சாங்கையாலேயே. "உனக்கு எந்தக் கை வருதோ அதான் உனக்கு வலது கை" என்றார்.

பி.டி. சார் அனுமதியோடு ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் கடைசி மணிக்குப் பிறகு வேப்பமரத்தடியில் பழகுகிறோம். ஆறாம் வகுப்பிலிருந்து எந்தத் தங்கையும் வரலாம். ஸ்கேல் மட்டும் கொண்டு வாருங்கள், மற்றதை அங்கே பார்த்துக்கொள்ளலாம்.



விடை சொல்லுங்கள்
(அ) ஸ்கேல் 15 செ.மீ. விழுந்த பிறகு பிடித்தால் எதிர்வினை நேரம் எவ்வளவு?
(ஆ) முன்கையைச் சாய்வாக வைத்துத் தடுப்பது ஏன்?
(இ) கம்பின் நடுப் பிடிக்குச் சமமாக நம் உடம்பில் உள்ள பகுதி எது?
(சரியான விடையை எழுதிக் கீழே உள்ள பெட்டியில் போடுங்கள். அடுத்த இதழில் பெயர் வரும்.)

– ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி